நங்கையாவின் எண்

1996 நவம்பர் 14, வியாழன்

இன்று பதினொரு பேருடைய ரத்தத்தைச் சோதனைக்கு வைத்தேன். எல்லோரும் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சி.ஏ. பதினைந்து-மூன்று என்று ஒரு புரதம். அது முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால் அரங்கசாமி டாக்டர் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். லேப் அவருடையது, கை மட்டும் என்னுடையது.

இந்த முறை எல்லோருக்குமே கொஞ்சம் ஏற்றம். தீபாவளிப் பலகாரம் இதையும் ஏற்றுமோ என்று எனக்குள் சிரித்துக்கொண்டே எழுதி வந்தேன். ஒன்பதாவது நங்கையா.

அறுபத்து நான்கு.

ஆகஸ்டில் இருபது. அதற்கு முன் இருபத்தொன்று. அதற்கும் முன் பத்தொன்பது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். நங்கையா என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரருடன் பிறந்த ஒரே அக்கா சென்னியம்மாளை. சோமனூரில் தறி ஓட்டுகிற குடும்பம். இடது மார்பை எடுத்து இரண்டரை வருடம் ஆகிறது. இரண்டரை வருடமாக அவர் ரத்தத்தை நான்தான் எடுக்கிறேன், நான்தான் வைக்கிறேன், நான்தான் பஸ் ஏறிப்போய் “நல்லா இருக்குதுங்க” என்று சொல்கிறேன். அந்த ஒரு வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நவம்பர் 15

வீட்டில் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றார் இவர். ஆமாம், இல்லைதான்.

நவம்பர் 16, சனி

நங்கையாவின் ரத்தத்தை மட்டும் திரும்ப வைத்தேன். அறுபத்து மூன்று. சோதனை மருந்துகள் வரும் பெட்டியில், கிட்டில், இருக்கும் சரிபார்ப்பு சீசாவும் அதன்மேல் போட்டிருக்கும் எண்ணில்தான் நிற்கிறது. அதாவது மெஷின் சரி, கை சரி. அப்படியென்றால் நங்கையா?

டாக்டரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

நவம்பர் 20, புதன்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அங்கே இருந்த டாக்டர் சொன்னார்: “கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இது காட்டிக் குடுக்கும்மா. இருபது அறுபத்து நாலு ஆயிருக்கு. காத்துட்டு இருக்க வேண்டாம். மறுபடி கீமோ ஊசி ஆரம்பிச்சிரலாம்.”

ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. இதை எப்படி ஒருவருக்குப் புரிய வைப்பது? எனக்கே புரிகிறதா?

நவம்பர் 24, ஞாயிறு

சோமனூர் போய் வந்தோம். இவர் தறிக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. நான் அடுப்படியில்.

அங்கே நங்கையாவின் வீட்டுக்காரர் செங்கோடன் அண்ணன் சோறு வடித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பிடிக்கத் தெரியாமல் பாதிச் சோற்றைக் கஞ்சியோடு சாக்கடையில் விட்டார். நங்கையா முக்காலியில் உட்கார்ந்து, “சாய்ச்சுப் புடிங்க, அவசரப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், சுடுதண்ணீர்கூட வைத்தறியாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வடிக்கிறார். ஆவி பட்டதென்றார்.

“அந்த ஊசி வேணாங் கண்ணு” என்றார் நங்கையா என்னிடம். “ஒருக்காப் போட்டுப் பாத்தாச்சு. சோத்து வாசம் வந்தாலே ஓங்கரிச்சுட்டுக் கெடந்தேன். உங்க அண்ணனுக்கு ஒரு கொழம்பு, ஒரு ரசம் சொல்லிக் குடுத்துப்போட்டா என்ற வேலை முடிஞ்சுது.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“பொறவு எப்படிச் சொல்றது? அது என்னமோ ஏறியிருக்குதுங்கறயே, அது விசமா?”

“விசம் இல்லீங்க. எல்லார் ஒடம்புலயும் இருக்கற புரதமுங்க. உங்களுக்கு எச்சா இருக்குது.”

“உனக்கும் இருக்குதா?”

“இருக்குதுங்க. பதிமூணு.”

“எதை வெச்சு அளக்கறீங்க?”

சொன்னேன். அளந்து பார்க்க அதே புரதத்தைத் தூளாக்கிச் சின்னச் சீசாவில் அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் நோயாளிகளிடமிருந்து எடுத்தார்களாம். இந்தக் கிட்டில் வருவது ரிகாம்பினன்ட் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனித ஜீனை வேறொரு செல்லுக்குள் வைத்து, அதைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது. மனிதப் புரதம்தான், எந்த மனிதருடையதும் இல்லை.

நங்கையா கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்ப யார் ஒடம்புலயும் இல்லாத ஒண்ணை வெச்சு என்ற ஒடம்பை அளக்கறீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட மாதிரி சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதற்குப் பதில் தேடிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

மறுபடி புற்றுநோய் ரத்தங்கள். ஆறு பேர். ரத்தம் வைக்கும் தட்டில் ஒரு குழி மிச்சம் இருந்தது. மிச்சம் இருந்தால் என் ரத்தத்தைப் போட்டுவிடுவேன், வீணாக்குவானேன் என்று. இதுவரை மூன்று தடவை போட்டிருக்கிறேன். பதிமூன்று, பதினான்கு, பதிமூன்று.

இன்று இருபத்திரண்டு.

நவம்பர் 29

முப்பதுக்குள்தானே இருக்கிறது. முப்பதுக்குள்தானே.

குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். வலது பக்கம் ஏதோ கட்டி மாதிரி. அப்புறம் இடது பக்கமும் அதே இடத்தில் அதே மாதிரி. இரண்டு பக்கமும் ஒன்று போல இருந்தால் அது கட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று தடவை பார்த்தேன். தண்ணீர் ஆறிப்போனது. இவர் கதவைத் தட்டி, “அம்மிணி, பஸ்ஸு போயிரும்” என்றார்.

மூணு வருசமா அடுத்தவங்களுக்கு முப்பதுக்குள்ள இருக்குது, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு இருந்திருக்கறேன். எவ்வளவு லேசா சொல்லியிருக்கறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பழைய நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஆகஸ்டில் பதினேழாக இருந்தவர் இப்போது இருபத்தேழு. இருபதாக இருந்தவர் முப்பத்து மூன்று. என்னுடையது பதிமூன்று, இருபத்திரண்டு. ஒருவர்கூட இறங்கவில்லை. ஒருவர்கூட அப்படியே நிற்கவில்லை. எல்லோரும் ஒரே அளவில் ஏறியிருக்கிறார்கள், ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே. நங்கையா மட்டும் மூன்று மடங்கு.

தீபாவளிப் பலகாரம் என்று சிரித்தேனே. அப்போதே பார்த்திருக்க வேண்டாமா?

டிசம்பர் 2, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். எழுத்துக் கோணலாக வருகிறது.

கரைத்த அளவுப் புரதத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து டீப் ஃபிரீசரில் வைப்போம். ஆகஸ்டில் உள்ளே ஐஸ் அவ்வளவு மண்டிக் கிடந்தது, கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் டப்பாவை எடுத்தேன். நவம்பர் முழுக்க நெம்ப வேண்டியிருக்கவில்லை, இன்றுதான் அது உறைத்தது. சுவரில் புது ஐஸ், மெல்லிசாக. மூடியின் உள்பக்கம் சந்தனமும் குங்குமமும்.

கூட்டித் துடைக்கிற மாரியாத்தாள் அக்காவைக் கூப்பிட்டேன். இந்தப் பொட்டை எப்ப வச்சீங்க என்று கேட்டேன்.

“ஆயுத பூசைக்குங்க. நீங்கதானுங்க எல்லா மிசினையும் நிறுத்தித் தொடச்சு, பொட்டு வச்சு, திங்கக்கெழம பூசை முடிஞ்சு போடச் சொன்னீங்க. சின்ன ஃபிரிட்ஜை மட்டும் உட்டுறச் சொன்னீங்க. அதை உட்டுட்டேன்.”

“இதையும் நிறுத்துனீங்களா?”

“இதுவும் மிசின்தானுங்களே. உள்ள இருந்த டப்பாவெல்லாம் எடுத்து மேசை மேல அப்படியே அடுக்கி வச்சிருந்தனுங்க. ஒண்ணுகூட ஒடையல.” ஒன்றும் உடையாததைப் பெருமையாகச் சொன்னார்.

சொன்னது நான்தான். அப்பாவின் லேத்துப் பட்டறையில் வளர்ந்தவள் வேறெப்படிச் சொல்வேன்? பொட்டு வைத்தால் எந்த மெஷினும் விஜயதசமி வரை ஓடக் கூடாது. அன்றைக்கு ஓட்டினால் கையை வாங்கும் என்பார் அப்பா. சின்ன ஃபிரிட்ஜில் மருந்தெல்லாம் இருக்கிறது என்று ஞாபகமாகச் சொன்னவள் பெரியதைச் சொல்ல மறந்தேன். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரை அந்தப் புரதம் மேசை மேல் கிடந்திருக்கிறது.

எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன். எடைக்கல் தேய்ந்துபோனால் தராசில் அரிசி கூடுதலாகத் தெரியும். அளவுப் புரதம் கெட்டுவிட்டது, அதனால் எல்லோர் ரத்தத்திலும் கூடுதலாகத் தெரிந்தது. சரிபார்ப்பு சீசாவும் அதே டப்பாவில் இருந்தது, அதுவும் கூடவே கெட்டது. அதனால்தான் சரி சரி என்று சாட்சி சொல்லியிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. நங்கையாவுக்கும் ஒன்றுமில்லை.

“எம்மேல தப்புங்களா அம்மிணி?” என்று மாரியாத்தாள் அக்கா கேட்டார். இல்லீங்க, நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு சோமனூர் பஸ் ஏறிவிட்டேன். இன்னும் ஒரு நாள்கூட அந்த வீட்டில் அப்படி ஒரு சமையல் பாடம் நடக்கக் கூடாது என்று இருந்தது. உட்காரக்கூட இல்லை, வாசலிலேயே சொல்லிவிட்டேன். தப்பு எங்க லேபுலங்க, ஃபிரீசர நிறுத்திப்போட்டோம், உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க.

நங்கையா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏனுங்க, அடுப்பை உட்டு எந்திரிங்க. போயித் தறியைப் பாருங்க.” அண்ணன் கரண்டியோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே கோயிலுக்குக் கிளம்பினார்.

எனக்கு மூன்று தோசை சுட்டுப் போட்டார் நங்கையா. அவரும் சாப்பிட்டார். எத்தனை நாள் கழித்து அவர் சாப்பிட்டதைப் பார்க்கிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு தப்பை ஒத்துக்கொண்டதில்லை.

டிசம்பர் 4, புதன்

அரங்கசாமி டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். ஃபிரீசரைப் பற்றி அவர் அதிகம் கோபப்படவில்லை. “ஆயுத பூசைக்கு நானும்தான வந்து சுண்டல் தின்னேன்” என்றார். நவம்பரில் கொடுத்த சீட்டுகள் அத்தனைக்கும் தானே போன் போட்டுச் சொல்வதாகச் சொன்னார். மெட்ராஸுக்குப் புதுக் கிட்டு கேட்டு அங்கேயே பேசினார். நங்கையாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன் என்றதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“கிட்டு தப்புன்னு தெரிஞ்சுது. சரி. ரத்தம் சரின்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

நோட்டில் எல்லோரும் ஒன்றரை மடங்கு, நங்கையா மட்டும் மூன்று மடங்கு. அதை நான்தானே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திங்கட்கிழமை எப்படி மறந்தேன்?

டிசம்பர் 7

மெட்ராஸிலிருந்து கிட்டு வரும் ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

வந்தது. புதுத் தூள், புதுத் தண்ணீர், எல்லாம் புதுசு. டாக்டரே பக்கத்தில் நின்றார். எடுத்து வைத்திருந்த அதே ரத்தங்கள்.

நான் பதிமூன்று. இருபத்தேழாக ஏறியவர் பதினேழுக்கே வந்துவிட்டார். முப்பத்து மூன்று இருபது ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக இறங்க இறங்க எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

நங்கையா நாற்பது.

எல்லோரும் இறங்கிய அதே கணக்கில் அவரும் இறங்கியிருக்கிறார். முப்பதுக்குக் கீழே மட்டும் வரவில்லை. திரும்ப வைத்தேன். நாற்பத்தொன்று. திரும்ப வைத்தேன். டாக்டர், “போதும்மா” என்றார்.

டிசம்பர் 13

இவரிடம் சொன்னேன். “அக்காகிட்ட அவ்வளவு அவசரமா உன்னைய யாரு போகச் சொன்னது?” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

டிசம்பர் 15, ஞாயிறு

போனேன். ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லட்டும் என்று இவர் சொன்னார். நல்லதைச் சொல்லப் பறந்துபோனவள் இதைச் சொல்ல ஆள் தேடக் கூடாது என்று நானே போனேன்.

நங்கையா தலை சீவிக்கொண்டிருந்தார். சீவி முடிக்கும்வரை கேட்டார். கொண்டை போட்டுவிட்டுத்தான் பேசினார்.

“மொதல்ல இருக்குதுன்ன. பொறவு இல்லீன்ன. இப்பப் பாதி இருக்குதுங்கற. பாதிக் கேன்சர்னு ஒண்ணு இருக்குதா ராமாமணி?”

“புது மருந்துல வெச்சுப் பாத்தோமுங்க. மூணு தடவை.”

“அன்னைக்கும் இப்படித்தான் ரெண்டு தடவை வெச்சேன்ன.”

“ஊசி போட்டுக்கறது நல்லதுங்க.”

“உன்ற மிசின் ஒரு முடிவுக்கு வரட்டும் கண்ணு. அப்பறம் பாக்கலாம்.” காப்பி கொடுத்தார். ஒரு சுடுசொல் இல்லை. போகும்போது வாசல்வரை வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் தப்பென்ன? நான் அவராக இருந்தால் என்னை நம்புவேனா?

1997 ஜனவரி 14

பொங்கல். சோமனூருக்கு இவர் மட்டும் போய் வந்தார். அக்கா என்னைக் கேட்டார்களா என்று கேட்டேன். “நீ வரலயான்னு கேட்டுச்சு” என்றார். எந்தக் குரலில் கேட்டார் என்று இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் லேபுக்குள் நுழைந்தால் நங்கையா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தனியாக, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். தை பிறந்ததிலிருந்து இடுப்புக்கு மேலே முதுகு வலியாம். குனிந்து குடத்தை எடுக்க முடியவில்லை என்றார்.

“எடு” என்று வலது கையை நீட்டினார். அறுவை நடந்த பக்கத்துக் கையில் குத்தக் கூடாது என்று அவருக்கே தெரியும். “ரெண்டா எடு. ஒண்ணு உன்ற மிசினுக்கு. ஒண்ணை வேற எங்கயாச்சும் குடு.”

நானே சொல்ல நினைத்ததுதான். அவர் சொன்னபோது ஏனோ வலித்தது.

பிப்ரவரி 13, வியாழன்

எங்களிடம் ஐம்பத்தெட்டு. வேறு லேபில் ஐம்பத்தாறு. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பில் ஒரு இடம் தெரிகிறது. இப்போது எல்லாம் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகவே வேண்டாம் என்று இருக்கிறது.

பிப்ரவரி 16

டிசம்பர் பன்னிரண்டிலிருந்து எண்ணினால் இரண்டு மாதத்துக்கும் மேல் போய்விட்டது. நான் அன்றைக்கு பஸ் ஏறாமல் இருந்திருந்தால் டிசம்பரிலேயே நாற்பது என்றதும் கேட்டிருப்பாரா? நவம்பரிலும்தான் ஊசி வேண்டாம் என்றார். அப்படியென்றால் என் மேல் தப்பில்லை. ஆனால் நவம்பரில் வேண்டாம் என்றவரை ஒரு மாதம் பேசிப் பேசி நாங்கள் சம்மதிக்க வைத்திருக்க முடியும். அப்போது எங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. நான் போய் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு பேசுவதற்கு எவருக்கும் வாய் இல்லை. இது தப்பா, இல்லை எப்படியும் நடந்திருக்கக் கூடியதா? டாக்டரைக் கேட்டேன். “அதை எந்தக் கிட்டுலயும் அளக்க முடியாதும்மா” என்றார்.

ஃபிரீசர் பிளக்கை எடுக்க முடியாதபடி எலெக்ட்ரீசியன் வந்து தகரம் அடித்துவிட்டுப் போனார். மாரியாத்தாள் அக்கா இப்போது ஃபேன் ஸ்விட்சைத் தொடக்கூட என்னைக் கேட்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

முதல் ஊசி. நான் பக்கத்தில் இருந்தேன். நங்கையா கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, “இதுவாச்சும் நெசம்தான?” என்றார். மருந்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை அவரும்.

மார்ச் 21

முடி கொட்டுகிறது. முதுகு வலி குறைந்திருக்கிறது என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

மே 29, வியாழன்

நான்கு ஊசி முடிந்து இன்று ரத்தம் வைத்தேன். நங்கையா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் துண்டு. மாரியாத்தாள் அக்காவோடு ஊர்க் கதை, உலகக் கதை.

முப்பத்தொன்று. டாக்டர் சீட்டை இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன்.

“எத்தனை?”

“முப்பத்தொண்ணுங்க.”

“நல்லதா?”

ஐம்பத்தெட்டிலிருந்து இறங்கியிருக்கிறது. ஆனால் முப்பதைத் தாண்டித்தான் நிற்கிறது. அடுத்த முறை இன்னும் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். ஆமாங்க, நல்லதுங்க என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்லாமல் இருப்பது பாவம்.

“எறங்கியிருக்குதுங்க. அவ்வளவுதான் தெரியும். நல்லதான்னு தெரியலைங்க” என்றேன்.

என்னையே பார்த்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“இப்பத்தான் கண்ணு நீ சொல்றதை நம்பலாமாட்ட இருக்குது” என்றார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டார். தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, சோமனூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, வந்து ஏற்றிவிடு என்றார்.